கறுப்பியும் கமீலாவும் தின்ற மண்

சூறாவளி அடித்து இரண்டாம் வருடம், சிறுபோக வெள்ளாமை கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றபோது, முகம்மது தம்பியின் கண்ணெதிரே இரண்டு சீவன்கள் மண் தின்னத் தொடங்கின. ஒன்று வயலில் கால் நாட்டிக் கட்டிய காவல் குடிசையான வாடியின் கீழே கிடந்த கறுத்தப் பெட்டை நாய். மற்றது நிந்தவூர் வீட்டில் இருந்த அவருடைய எட்டு வயது மகள் கமீலா. ஒன்று வாடியில் நடந்தது, மற்றது வீட்டில் நடந்தது. வாடியையும் வீட்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைத்துக்கொள்வதே அவர் பழக்கம். அதனால் இரண்டையும் சேர்த்து நினைக்க அவருக்கு வெகுநாள் தோன்றவில்லை.

சூறாவளிக்கு முன் அவர் தேங்காய் பறிக்கிறவர். ஒரே இரவில் கரையோரத்துத் தென்னைகள் எல்லாம் தலையை இழந்து நின்றன, அவருடைய தொழிலும் அதோடு போனது. ஊருக்கு மேற்கே வயல்வெளியான வட்டையில் ஒரு போடியாரின் வயலுக்குக் காவலாளியாகப் போனார். வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருவார், ஜும்ஆ தொழுதுவிட்டுத் திரும்பிவிடுவார். வீடு ஜுனைதாவுடையது. அந்தப் பக்கங்களில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். மாப்பிள்ளையாக வந்து பல வருடம் ஆன பிறகும் அவர் அந்த வீட்டில் பாயின் ஓரத்தில் உட்காருகிற மனிதராகவே இருந்தார்.

நாய் அவர் தேடி எடுத்ததல்ல. சூறாவளியில் யாரையோ இழந்து, எங்கிருந்தோ நடந்து வந்து வாடியின் கீழே படுத்துக்கொண்டது. விரட்டிப் பார்த்தார், போகவில்லை. பிறகு ஒருநாள் காட்டுப் பன்றி வரம்பைக் கிளறிக்கொண்டு இறங்கியபோது அது குரைத்த குரைப்பில் பன்றி வந்த வழியே ஓடியது. அன்றிலிருந்து உடைந்த சட்டி ஒன்றில் சோறு வைத்தார். கறுப்பி என்று கூப்பிட்டால் வரும். ஆனாலும் அதை அவர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். அது நெருங்கி வந்தால் அவர் சாரனை ஒதுக்கிக்கொண்டு ஓரடி தள்ளி நிற்பார். அதுவும் அதைப் பழகிக்கொண்டு, ஓரடி தள்ளியே வாலை ஆட்டும். வீட்டுக்குப் புறப்படும் நாளில் வாய்க்காலில் முழுகி, வேறு சாரன் உடுத்திக்கொண்டுதான் வரம்பில் ஏறுவார்.

கமீலாவின் மண் தின்னும் பழக்கம் அடுக்களைச் சுவரில் தொடங்கியது. களிமண் சுவரின் ஒரு மூலையை அவள் நகத்தால் சுரண்டிச் சுரண்டி, சிரட்டையளவு குழி விழுந்துவிட்டது. ஜுனைதா அவள் உதட்டில் மிளகாய் தேய்த்தாள். அழுதுவிட்டு மறுபடி போய்ச் சுரண்டினாள். முகம் ஊதி வெளிறியது. பள்ளிக்கூடம் போகும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார்கள். பரிசாரி கசாயம் கொடுத்தார். சூறாவளியில் விழுந்த கக்கூஸ் சுவர் இன்னும் கட்டப்படவில்லை. வீட்டார் எல்லாரும் பின்னால் இருந்த புதர்ப் பற்றைக்குள்தான் போய்வந்தார்கள், கமீலா வெறுங்காலோடு. அதை யாரும் ஒரு விசயமாக எடுக்கவில்லை.

கறுப்பி அந்த மாதம் ஐந்து குட்டி போட்டது. கண் திறந்த கொஞ்ச நாளில் குட்டிகள் கறுப்பாக, தார் போலக் கழியத் தொடங்கின. ஒவ்வொன்றாகக் குளிர்ந்து விறைத்தன. தாய்க்கும் அதே கழிச்சல், அதில் இரத்தமும் சளியும். குட்டிகளைப் புதைத்த குழியின் ஓரத்து மண்ணை அது நக்கிக்கொண்டு கிடந்தது. குரைக்க வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை.

அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வயல் வேலப்போடிதான் அதைப் பார்த்துவிட்டு, "காக்கா, இது இப்பிடியே கிடந்தா வெள்ளிக்கிழமை மட்டுக்கும் தாங்காது. நான் மாட்டுக்கு மருந்தெடுக்கக் கல்முனைக்குப் போறன். இதையும் வண்டிலில போடுவம்" என்றான்.

"நாய்க்கெல்லாம் டொக்டரா தம்பி?"

"எனக்கே ஒரு டொக்டரும் நாடி பிடிச்சுப் பார்த்ததில்ல. இவளுக்காவது பார்க்கட்டும், வாங்க."

நாயைச் சாக்கில் சுற்றி வேலப்போடி தூக்கினான். முகம்மது தம்பி வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்.

மிருக வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பக்கத்து இளைஞர். ஊரில் அவரை மாட்டு டொக்டர் என்பார்கள். அவர் நாயின் மேலுதட்டைப் பெருவிரலால் உயர்த்திக் காட்டினார். பல் முரசு சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இருந்தது. பிறகு கழிச்சலில் ஒரு துளியைக் கண்ணாடியில் தடவி, உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, அவரையும் பார்க்கச் சொன்னார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார் முகம்மது தம்பி. வெளிச்சத்துக்குள் முட்டை முட்டையாக, மெல்லிய கண்ணாடிக் குமிழிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நாலைந்து கரும்பொட்டுகள்.

"கொழுக்கிப் புழுவின்ர முட்டை" என்றார் வைத்தியர். "புழு குடலில கடிச்சுத் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிக்கும். குட்டியளுக்குத் தாய்ப்பாலிலயே போயிருக்கும். இது மண் தின்னுதோ?"

"ஓம் ஐயா. நக்கிக்கிட்டே கிடக்கு."

"இரத்தம் குறைஞ்சால் சிலது அப்பிடித்தான் தின்னும்."

முகம்மது தம்பிக்கு அடுக்களைச் சுவரின் குழி கண்ணில் வந்து நின்றது. கேட்டார். "ஐயா, மனிசருக்கும் இது இரிக்குமா?"

"மனிசருக்கும் கொழுக்கிப் புழு இருக்கு. ஆனால்..."

அந்த நேரம் வாசலில் ஒருவன் ஓடிவந்து, பசு ஈன முடியாமல் விழுந்து கிடக்கிறது, கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே வந்திருக்கிறது என்று கத்தினான். வைத்தியர் புழு மருந்துக் குளிசைகளை வேலப்போடியின் கையில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சிறிது நேரம் காத்திருந்தார்கள். வேலப்போடிக்கு வயலில் வேலை கிடந்தது. திரும்பினார்கள்.

அடுத்த வியாழன் வீட்டுக்குப் போனதும் முகம்மது தம்பி மகளை முற்றத்து வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொன்னார். விளையாட்டு என்று நினைத்து அவள் ஈயென்று பல்லைக் காட்டினாள். முரசில் சிவப்பே இல்லை.

ஜுனைதா மா இடித்துக்கொண்டிருந்தாள். அவளருகே போய்க் குந்தினார்.

"இஞ்ச கேளுகா. புள்ளைக்கு இரத்தமில்ல. வயித்துக்குள்ள புழு கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். நாய்க்கும் இதான் எண்டு மாட்டு டொக்டர் சொன்னார்."

"என்னத்துக்கும்?"

"நாய்க்கும்."

அவள் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். "மாட்டு டொக்டருக்கிட்ட எண்ட புள்ளையப் பத்திக் கதைச்சீங்களா?"

"பேர் சொல்லல்ல."

"பேர் வேற சொல்லணுமா? நீங்க வட்டையில நாயோட கிடக்கிறீங்க எண்டு ஊரே சிரிக்குது. ஆஸ்பத்திரியில நேர்சு கேப்பா, எப்பிடி வந்த எண்டு. என்ன சொல்லப் போறீங்க? நாய் வருத்தம் எண்டா? அபூசாலிட மகளுக்குச் சின்னதில குரங்கு கடிச்ச. இண்டைக்கும் அவளுக்குப் பேர் குரங்கு கடிச்சவள். மாப்பிள்ள கேட்டு ஒருத்தன் அந்த வாசலுக்கு வந்தானா?"

அவர் சிந்திக் கிடந்த மாவைக் கையால் கூட்டினார்.

"நாய் வருத்தம் எண்டா நாய்ல இருந்துதானே வந்திரிக்கும். உங்கட உடுப்பில வந்திரிக்கும். முதல்ல அதைத் தொலைங்க. மறுகா புள்ள தன்னால தேறும்."

மிருக வைத்தியர் 'ஆனால்' என்று இழுத்தது அவருக்கு நினைவிருந்தது. அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரியவில்லை. கல்முனைக்குப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் ஜுனைதா சொன்னது அவருக்குச் சரியாகவே பட்டது. வாய்க்காலில் முழுகியது போதவில்லை, தானேதான் அந்த அசுத்தத்தைச் சுமந்து வந்து மகளுக்குக் கொடுத்திருக்கிறோம் என்று நம்பினார்.

வாடிக்குத் திரும்பியபோது கறுப்பி எழுந்து நின்றது. குளிசை வேலை செய்திருந்தது. கழிச்சல் நின்று, முரசில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. வேலப்போடி இருந்திருந்தால், எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடும்படி அவனிடம் கேட்டிருப்பார். அவன் மண்டூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தான். அவராக விரட்டினால் அது மறுபடி வாடிக்கே வரும் என்பது அவருக்குத் தெரியும்.

குளிசை கொடுத்த மாதிரியே கொடுத்தார். கருவாட்டோடு சோற்றைப் பிசைந்து, உருண்டையாக்கி, உடைந்த சட்டியில் போட்டார். இந்தத் தடவை உள்ளே இருந்தது பயிருக்கு அடிக்கும் பூச்சி எண்ணெய். நோய் வந்த பிறகு கறுப்பி மிச்சம் வைக்காமல் தின்றது அந்தச் சோற்றைத்தான். தின்றுவிட்டு ஓரடி தள்ளி நின்று வாலை ஆட்டியது. அவர் வாய்க்கால் கரையில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் வெகுதூரம் நடந்தார்.

அறுவடை முடிந்தது. நாய் தொலைந்துவிட்டதால் கமீலா தேறுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் இப்போது வீட்டிலேயே இருந்து, ஒவ்வொரு நாளும் அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஜுனைதா முட்டை அவித்துக் கொடுத்தாள். சுவரின் குழி பெரிதாகிக்கொண்டே போனது. கால்கள் வீங்கின. ஒருநாள் குர்ஆன் ஓதப் போன இடத்தில் கமீலா பாயிலேயே சரிந்து விழுந்தாள்.

கல்முனை ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். கண்மடலை இழுத்துப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"பிள்ளை மண் சாப்பிடுறதா?"

"இல்ல டொக்டர்" என்றாள் ஜுனைதா. "எங்கிட புள்ள அப்பிடியெல்லாம் தின்ன மாட்டாள்."

டாக்டர் கமீலாவின் விரல்களை விரித்தார். நகத்துக்குள் களிமண் இருந்தது.

"தின்னுறவள்" என்றார் முகம்மது தம்பி. "கன மாசமாத் தின்னுறாள். முரசு வெளிறிப் போச்செண்டும் எனக்குத் தெரியும்."

ஜுனைதா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சும் ஏன் இவ்வளவு நாள்? கொழுக்கிப் புழு. குளிசை குடுத்து, இரும்புச் சத்துக் குடுத்தா ஆறுற வருத்தம். இப்ப நெஞ்சு களைச்சிட்டுது. இரத்தம் ஏத்த வேணும்."

"டொக்டர், இது நாய்ல இருந்து வந்ததுதானே?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "யார் சொன்னது? நாய்க்கு நாயின்ட புழு. இது மனிசர்ட புழு. மனிசர் வெளிக்குப் போற இடத்தில வெறுங்காலோட மிதிச்சா, கால் தோலால உள்ள போகும். ஊரில பாதிப் பேருக்கு இருக்கு. உங்களுக்கும் இருக்கும்."

மிருக வைத்தியரின் 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு இருந்தது இதுதான்.

அவருடைய கையிலிருந்தே இரத்தம் எடுத்தார்கள். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே கமீலாவின் மூச்சு நின்றுவிட்டது.

அன்றைக்கே அடக்கினார்கள். கபுறை மூடுமுன் ஒவ்வொருவராக மூன்று பிடி மண் போட்டார்கள். முகம்மது தம்பி மண்ணை அள்ளி வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர் முதுகில் கைவைத்த பிறகுதான் விரலைத் திறந்தார். வேலப்போடி மையவாடிக்கு வெளியே, தென்னைக் குற்றி ஒன்றின் அருகே தோளில் சால்வையோடு நின்றான். நாயைப் பற்றி அவன் கேட்கவில்லை.

பற்றைக்குள் போய்வர ஜுனைதா இரண்டு சோடி இரப்பர்ச் செருப்பு வாங்கினாள். அடுக்களைச் சுவரின் குழியை மட்டும் பூசவும் இல்லை, யாரையும் பூச விடவும் இல்லை.

மாரிப் போகத்துக்கு அவர் மறுபடி காவலுக்குப் போனார். கதிர் பால் கட்டும் நேரம் பன்றிகள் இறங்கத் தொடங்கின. ஒரு காலை வேலப்போடி வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு வரம்பால் வந்தான்.

"புது நாய் கொண்டு வந்திருக்கிறீங்க போல காக்கா. ராத்திரி ஒரே குரைப்பு. நல்ல காவல்தான், குரல்தான் கொஞ்சம் கரகரப்பு."

முகம்மது தம்பி தேயிலைத் தண்ணீரைக் கீழே வைத்தார்.

"நாய் இல்ல தம்பி."

வேலப்போடி வாடியின் கீழே குனிந்து பார்த்தான். உடைந்த சட்டி கவிழ்ந்து கிடந்தது. நிமிர்ந்தவன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தான்.

"எங்கிட ஊட்ட குட்டி மூண்டு நிக்குது காக்கா. பூச்சி மருந்தும் குடுத்திட்டன். ஒண்டைக் கொண்டாறன்."

"வேணாம்."

"பன்றிக்கு என்ன செய்வீங்க?"

"நானே பார்த்துக்குவன்" என்றார் அவர். தொண்டை கட்டியிருந்ததால், பக்கத்தில் நின்ற வேலப்போடிக்கே அது சரியாகக் கேட்கவில்லை.