வலது பக்கத்து ஜன்னல்

அன்று அந்த அறையில் இருந்தது நான், என் மனைவி, என் மகன் வேலு வேலை செய்த ஆபீஸின் மேடம். வேலு இல்லை. மஞ்சள் காமாலையில் செத்துப்போய் இருபது நாள் ஆகியிருந்தது. அவன் சாமான்களை வாங்கிப்போக எங்கள் மீன்பிடி ஊரான பசியாவரத்திலிருந்து மெட்ராஸ் போயிருந்தோம்.

"நைனா, ஒரு தபா வந்து என் வேலையப் பாரு" என்று மூன்று வருஷம் கூப்பிட்டான். படகை விட்டுப் போனவன் என்ற கோபத்தில் நான் போகவில்லை. "கம்ப்யூட்டர் பொட்டியில இன்னாடா, மீனா மாட்டுது?" என்றேன்.

மேடம் அவன் எழுதிய புரோகிராமை ஓடவிட்டார். கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொன்றாகக் கட்டங்கள் திறந்தன. அதற்கு ஜன்னல் என்று பெயராம். எல்லாம் வலது பக்கமே நின்றன.

"இந்தாண்ட காலியா கீதே?" என்று திரையின் இடது பக்கத்தைக் காட்டினாள் மனைவி.

"நடுவுல வையின்னு நானும் திட்டினேம்மா. 'எங்க நைனாவுக்கு இடது கண்ணு தெரியாது மேடம். அவர் வந்து பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் மாத்திடறேன்'னான்."

கெளுத்தி மீன் முள் குத்தி அந்தக் கண் போனது. அதிலிருந்து படகில் வேலு என் வலது பக்கம்தான் உட்காருவான். ஏன் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

இடது ஓரத்திலிருந்து எவ்வளவு இடம் விட்டிருக்கிறான் என்று கேட்டேன். மேடம் பார்த்துச் சொன்னார். திரையில் ஒரு வரிக்கு எண்பது எழுத்து. எனக்காக விட்டது நாற்பது.