கால்வே மழையில் அப்பா ஆனேன்

நியூஜெர்சியில் மனைவிக்கு நிறைமாதம். "பிரசவத்துக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, மார்ச் மாதத்தில் ஆபீஸ் வேலையாக அயர்லாந்தின் கால்வே நகரத்துக்குப் பறந்தேன். அங்கே கடற்காற்று என் குடையைப் பிடுங்கித் தண்ணீரில் வீசியது. அதையும் சிரித்தபடி போட்டோ எடுத்தேன்.

திரும்பும்போது விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டிலிருந்த அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. கையில் வைத்திருந்த நீட்டிப்புக் கடிதம் அமெரிக்காவுக்குள் தங்கியிருக்கத்தான் செல்லும். வெளியே போய்விட்டுத் திரும்ப நுழையச் செல்லாது. எங்கள் ஊரான பிரிட்ஜ்வாட்டரில் நண்பர்களுக்கெல்லாம் விசா ஆலோசனை சொல்லும் மேதை நான்தான்.

அமெரிக்கத் தூதரக வரிசையில் நின்று விண்ணப்பித்துவிட்டு, கால்வேயில் புது முத்திரைக்குக் காத்திருந்தபோது மகள் பிறந்தாள். மழையில் ஒழுகும் டெலிபோன் பூத்திலிருந்து மனைவிக்கு போன் செய்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு டிரைவ் பண்ணினது பக்கத்து வீட்டு அங்கிள். பாப்பாவை முதல்ல தூக்கினதும் அவர்தான். நீங்க மழையெல்லாம் நல்லா பாத்துட்டு மெதுவா வாங்க" என்றாள்.

இப்போதெல்லாம் முத்திரையின் தேதியை மனைவியும் பார்த்துச் சரி என்ற பிறகுதான் டிக்கெட் வாங்குகிறேன். நடக்கப் பழகிவிட்ட மகள், நான் கை நீட்டினாலும் அங்கிளிடம்தான் ஓடுகிறாள். அதற்கு எந்தத் தூதரகத்தில் வரிசையில் நிற்பது என்றுதான் தெரியவில்லை.