டி.வி.யைத் தூக்கிக்கொண்டு எழுமலைப் பக்கம்

மதுரையிலிருந்து எழுமலைப் பக்கம் ஒரே நாளில் போய்வர முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாக முடியும். நான் 1987 மாசியில் போய்வந்தேன். அந்தச் சாலையை நினைத்தாலே இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது என்பது வேறு விஷயம்.

அப்போது எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கம்ப்யூட்டர் கிளப் இருந்தது. ஆறு பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். சனிக்கிழமைகளில் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு வீடியோ கேம் எழுதுவோம். எங்களில் கெட்டிக்காரன் கருப்பையா. அவன் எழுதிய கேமில் கடலைக்காட்டுக்குள் மாடுகள் நாலு பக்கமும் நுழையும், பட்டனைத் தட்டி விரட்ட வேண்டும். அவன் அம்மாவுக்குக் கூலி வேலையே அதுதான், ஒரு பெரிய விவசாயியின் காட்டுக்குக் காவல். கருப்பையா படித்த பள்ளியின் ஆண்டு விழாவில் கேமைப் போட்டுக் காட்டச் சொல்லி வாத்தியார் ஒருவர் அழைத்திருந்தார். அம்மா பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவன் ஒத்துக்கொண்டான்.

காலை ஏழு மணி பஸ். உசிலம்பட்டி சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். என் மடியில் டி.வி., அவன் மடியில் கம்ப்யூட்டரும் டேப் ரெக்கார்டரும். அந்தக் காலக் கம்ப்யூட்டருக்கு டி.வி.தான் திரை, கேம் இருப்பது கேசட்டில்.

"டி.வி.க்கும் டிக்கெட்டாண்ணே?" என்றேன்.

"மடியில இருக்க வரைக்கும் பிள்ள. சீட்டுல வச்சா டிக்கெட்டு" என்றார் கண்டக்டர்.

உசிலம்பட்டியில் பஸ் மாறி, எழுமலைக்கு முன்னாலேயே இறங்கினோம். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் வாயில் நல்ல வார்த்தை வராது.

பள்ளியில் எல்லாவற்றையும் மாட்டி முடித்துக் கருப்பையா நாற்காலியில் உட்கார்ந்தான். பள்ளிச் செயலாளர் வந்தார். அம்மா காவல் காக்கும் காடு இந்த மனிதருடையதுதான்.

"டேய், எந்திரி. தூக்கியாந்து எறக்கியாச்சுல்ல, வெளிய நில்லு. மதுரைத் தம்பி போட்டுக் காட்டட்டும்."

"இத எழுதுனதே இவன்தாங்க" என்றேன்.

"யாரு எழுதுனா என்ன தம்பி? இங்க சேர்ல யாரு உக்காரணும்னு ஒரு மொறை இருக்குல்ல?"

அழைத்த வாத்தியார் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். படித்தவராம்! நான் வயரைப் பிடுங்கிவிட்டுக் கத்த ஆரம்பித்தேன். கருப்பையாதான் என் கையைப் பிடித்தான்.

"கத்தாத மாப்ள. அம்மா வாசல்ல நிக்குது. கெளம்புவோம்."

கருப்பையா வீட்டில் போட்டுக் காட்டலாமென்றால், அவர்கள் தெருவில் கரண்ட் கிடையாது. செயலாளர் வீடு வரை வந்த கம்பி அதற்கு அப்பால் போகவில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு உசிலம்பட்டிக்கே பஸ் ஏறினோம்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எடுத்துப் போங்கள், மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கும். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். திரும்பி வந்து 'அன்பான மக்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். யாருக்கு நாற்காலி போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. கடைக்கார பாய் எங்கள் மூட்டைகளைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார்.

"இம்புட்டுத் தூரம் தூக்கியாந்துட்டு சும்மாவா போறீக? இந்தா பிளக்கு, மாட்டுங்க" என்று மேசையை ஒழித்துக் கொடுத்தார். தன் நாற்காலியை அம்மாவுக்கு நகர்த்திப் போட்டு, "உக்காரும்மா" என்றார்.

டேப் கீச்சுக் கீச்சென்று கத்தி, கேம் ஏற ஐந்து நிமிடம் ஆனது. திரையில் காடு வந்தது, மாடுகள் நுழைந்தன. அம்மா கையை மடியில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டும்மா, மாடு தின்னுது பாரு!" என்று பதறினான் கருப்பையா.

"யாரு காடுடா இது?"

"நீ காவக்காக்குற காடுதாம்மா. அதப் பாத்துத்தான் எழுதுனேன்."

"அப்ப விடு. நல்லாத் தின்னட்டும்."

கடைசிச் செடி வரை மாடுகள் தின்று முடித்தன. அதுவரை அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.