கழற்றாத ரேமைக் கேட்டேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. காரைக்குடி பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய அளவில் ஒரு கணினிக் கடை. அங்கே நான் செய்த காரியத்தை இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

நான் அமராவதிபுதூரில் வீட்டிலிருந்தபடியே சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பு ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து அவரால் வேலைக்குப் போக முடியாமல் ஆனது. அவரைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டோடு இருக்க வேண்டும், வருமானமும் வேண்டும். இந்த வகுப்புகள்தான் கைகொடுத்தன. மகள் திருச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்து அவரைக் குளிக்க வைத்து, சமைத்து, மாத்திரை கொடுத்து, துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, நான்கு மணிக்குத் தலையை வாரிக்கொண்டு கேமரா முன்னால் சிரித்த முகமாக உட்கார வேண்டும். அந்தச் சிரிப்புக்கே தனியாகச் சம்பளம் கேட்கலாம்.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் புதிதாக ஒரு மடிக்கணினி வாங்கியிருந்தேன். பழையது அம்மிக்கல் கனம். தூக்கித் தூக்கித் தோள் போய்விட்டது. அதனால் வாங்கப் போன வேறொரு கடையில் நான் கேட்டது இரண்டே கேள்வி. எடை எவ்வளவு, விலை குறையுமா. ஒல்லியாக, வெள்ளி நிறத்தில், ஒற்றைக் கையால் தூக்குகிற மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார்கள். "எட்டு ஜிபி ரேம் இருக்கு. பத்தலைன்னா பின்னாடி கூட்டிக்கிரலாம்" என்றார் விற்றவர். பத்தாது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும் போல. எனக்கோ, ரேம் என்பது கணினி ஒரே நேரத்தில் பல வேலை பார்க்க உதவும் நினைவகம் என்பதே தெரியவில்லை. சேலைக்கு முந்தானையை விரித்துப் பார்ப்பதுபோல மூடியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வாங்கி வந்துவிட்டேன்.

ஆறே மாதம். வீடியோ வகுப்பு, எழுதிக்காட்டும் பலகை, பாடப் புத்தகம், பிள்ளைகள் அனுப்பிய பதிவுகள் என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் அது திணறத் தொடங்கியது. பாதி வாய் திறந்தபடி என் முகம் அப்படியே நின்றுவிடும். பிள்ளைகள் அதைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தால் பரவாயில்லை, பெற்றோர் சிரிக்கவில்லை. வகுப்புகளை ஏற்பாடு செய்யும் அம்மாள் அங்கிருந்து அழைத்து மிக மரியாதையாகச் சொன்னார்: வெள்ளிக்கிழமை வகுப்பும் இப்படி நின்று நின்று வந்தால் இந்தப் பிள்ளைகளை வேறு ஆசிரியரிடம் மாற்றுவதைத் தவிர வழியில்லை. எங்கள் வீடு ஓடுவதே அந்த ஒரு குழுவால்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எதிர்வீட்டுப் பெண்ணை உட்கார வைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். நான்கு மணிக்குள் வேலை முடிந்து வீடு வந்துசேர வேண்டும்.

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். எனக்கு முன்பே அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. பள்ளிக் கணினி அறை முழுவதையும் இனி வருடம் முழுக்க இந்தக் கடைதான் பார்த்துக்கொள்ளும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். "திங்கக்கிழமை எல்லாத்தையும் வண்டியில ஏத்தி அனுப்பிருறேன். உங்கள நம்பித்தான் தாளாளர்கிட்டப் பேசி வச்சிருக்கேன்" என்றார் அவர். கடைக்காரர் முகத்தில் சந்தோஷம் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தச் சின்னக் கடைக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இணைய வகுப்பு எடுக்க வேண்டும் என்று சொல்லி நான் கொடுத்த மடிக்கணினியை ஐந்து நிமிடம் பார்த்தார். "மிஷினு நல்லாத்தான் இருக்கு டீச்சர், ரேம்தான் பத்தல. இன்னொரு எட்டு போட்டாத் தாராளமா ஓடும்" என்றார். கூடவே, சில ஒல்லி மாடல்களில் ரேமைக் கூட்டவே முடியாது, இதில் நல்லவேளையாக ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பதையும் சொன்னார். சொன்னார் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. சொல்லும்போது நான் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு, மதிய மாத்திரை எது என்று போனில் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் ஆகும் என்றார். மருந்துக் கடைக்குப் போய்விட்டு வரலாம் என்று கிளம்பினேன். வழியில் மதுரையிலிருந்து கொழுந்தனார் அழைத்தார். விஷயத்தைக் கேட்டதும், "அங்குட்டு இங்குட்டு ஏன் மதனி போறீக, பக்கத்துலயே உக்காந்துல்ல பாக்கணும். கழட்டுன பழசக் கேட்டு வாங்கிருங்க. நல்லத எடுத்துக்கிட்டு மட்டமானதப் போட்டு விட்டுருவாக" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது பழக்கம்தான். மிக்சி பழுதானாலும், மோட்டார் கெட்டாலும், வண்டிக்கு என்ன மாற்றினாலும், கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் வர மாட்டோம். மாற்றினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு பிஸ்கட் டின் நிறைய அப்படிப்பட்ட துரு ஏறிய சாட்சிகள் கிடக்கின்றன. எதற்கும் உதவாது, தூக்கிப் போடவும் மனசு வராது.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. "பதினாறு ஆயிருச்சு, பாருங்க" என்று திரையைக் காட்டினார். பதினாறுக்குப் பக்கத்திலேயே, பயன்படுத்தக்கூடியது பதினைந்தே சொச்சம் என்று சின்ன எழுத்தில் இருந்தது. என் கண் அங்கே போய் நின்றது.

"பதினாறுன்னீக, கொறையுதே?"

"திரையில படம் காட்டுறதுக்குன்னு மிஷினே கொஞ்சம் எடுத்துக்கிரும் டீச்சர்."

"இன்னும் யாரு யாரு எடுத்துக்கிட்டாக? பழசக் குடுங்க."

"பழசுன்னு ஒண்ணும் இல்லையே. எதையும் கழட்டலையே நானு."

அவ்வளவுதான். மாதக்கணக்கான தூக்கமின்மை, பேருந்துக் கூட்டம், நான்கு மணி, கொழுந்தனாரின் எச்சரிக்கை எல்லாம் சேர்ந்து என் வாய்க்கு வந்துவிட்டன. இருபது வருடம் வகுப்பறையில் கத்திப் பழகிய குரல் எனக்கு. "ஆறு மாசமா உள்ள இருந்தது எங்க போச்சு? பொம்பள தனியா வந்தா ஏமாத்திரலாம்னு பாக்குறீகளா? இந்தக் கையால எத்தன பேரு சாமான உருவிருக்கீக?" என்று கேட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார். எனக்கு அது இன்னும் தெம்பாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்துக்காரர் மெல்ல எழுந்தார். "நீங்க இதப் பாருங்க, நான் அப்புறம் போன் பண்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் அவர் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் மடிக்கணினியைக் கவிழ்த்து, திருகாணிகளை மறுபடியும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அடிமூடியை நெம்பி எடுத்தார். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார்.

"இந்தா இருக்கே கறுப்புக் கட்டம் நாலு, இதுதான் உங்க பழைய எட்டு. மதர்போர்டுப் பலகையோடயே வச்சுப் பத்தவச்சிருக்காக. இத எடுக்கணும்னா பலகையவே எடுக்கணும். அந்தா தனியா இருக்கே, அது நான் இன்னைக்கிச் சொருகுனது."

பச்சை அட்டை ஒன்று தனியாகச் செருகியிருந்தது. எதுவும் தெரியாத எனக்கே புரிந்தது. கழற்ற முடியாத ஒன்றைத் திருடிவிட்டதாக ஒரு மனிதரை நடுத்தெருவில் கூப்பாடு போட்டிருக்கிறேன். அவர் மூடியைப் பூட்டத் தொடங்கினார். ஒரு திருகாணி கீழே விழுந்து உருண்டது. இருவரும் குனிந்து தேடினோம். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. தரையில் அவர் முகத்துக்கு நேராகத்தான் என் முகம் இருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "மணி ஆயிருச்சு, பஸ்ஸப் பிடிக்கணும்" என்பது மட்டும். பேசிய தொகையைக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தேன்.

வகுப்பு சரியாக நான்கு மணிக்குத் தொடங்கியது. ஒரு நொடிகூட நிற்கவில்லை. "டீச்சர், இன்னைக்கு நீங்க உறைஞ்சே போகலை" என்று ஒரு வாண்டு ஏமாற்றமாகச் சொன்னது. ஏற்பாடு செய்யும் அம்மாள் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார். வேலை தப்பியது. கணவர் கேட்டதற்கு, நல்ல கடை என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசையின்போது, 'என் பாவமே' என்று எல்லோரோடும் சேர்ந்து நெஞ்சில் தட்டிக்கொண்டேன். தரையில் குனிந்து திருகாணி தேடிய அந்த மனிதரின் முகம்தான் கண்முன் நின்றது. கடவுளிடம் சொல்லுவது சுலபம், காரைக்குடிக்குப் போவதுதான் கஷ்டம் என்று தெரிந்தது. அடுத்த வியாழக்கிழமைதான் போக முடிந்தது. நேரம் இல்லை என்பது பாதி உண்மை.

"தப்பாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். "பரவாயில்ல டீச்சர், ஓடுதுல்ல?" என்றார். கோபம் இல்லை, களைப்பாக இருந்தார். தயங்கித் தயங்கி, அன்றைக்கு இருந்த பள்ளிக்கூடத்துக்காரரைப் பற்றிக் கேட்டேன்.

"அவுக வேற எடம் பாத்துக்கிட்டாக."

நானே அந்தப் பள்ளிக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். உண்மையாகவே போயிருப்பேன். அவர் தலையை ஆட்டினார். "வேணாம் டீச்சர். நீங்க போய்ச் சொன்னா, என்னதான் நடந்துச்சுன்னு இன்னும் நாலு பேரு கேப்பாக. அப்புறம் கேள்விதான் நிக்கும், பதிலு நிக்காது."

அந்த நேரம் ஒரு பெரியவர் தன் மடிக்கணினியோடு உள்ளே வந்தார். தெரிந்த வாடிக்கையாளர் போலிருக்கிறது. "பாத்து வைங்க, டீ குடிச்சிட்டு வந்துருறேன்" என்று மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார். கடைக்காரர் விடவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு புது முக்காலியை இழுத்துப் போட்டு, "இல்லய்யா, உக்காந்து பாத்துக்கிருங்க. நீங்க பாத்தாத்தான் தெறப்பேன்" என்றார். பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னய்யா புதுசா இருக்கு" என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தார். கடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, பெரியவர் பார்த்தாரா என்று பார்த்து, ஒரு வெள்ளைத் துணிமேல் வரிசையாக வைத்தார். அதற்குமேல் நிற்க முடியாமல் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டேன்.

இன்றைக்கும் அதே மடிக்கணினியில்தான், அவர் போட்டுக் கொடுத்த ரேமில்தான் என் வகுப்புகள் தடையில்லாமல் நடக்கின்றன, எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் யாரும் சந்தேகப்படாதபோது நிம்மதியாகத் தனியே வேலை பார்த்த ஒரு மனிதரை, சாட்சி இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடப் பயப்படும்படி செய்துவிட்டேன் என்பது மட்டும் ஒவ்வொரு முறை அதன் மூடியைத் திறக்கும்போதும் என்னைக் கூசவைக்கிறது.