பத்து விரல் பார்த்து வாங்கிய மெஷின்

விலையைக் கேட்பதற்கு முன்னால் அக்கா கையைக் காட்டச் சொன்னாள். சாத்தூர் போகும் சாலையோர மரக்கடை ஒன்றில், பழைய இழைப்பு மெஷினைச் சுற்றி வந்து நானும் அத்தானும் நீள அகலம் அளந்துகொண்டிருந்தோம். அவள் மெஷினைத் திரும்பியும் பார்க்காமல் அதை ஓட்டுகிறவரிடம் போய், "கையக் கொஞ்சம் காட்டுங்க அண்ணாச்சி" என்றாள். ஜோசியம் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினார். இடது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் பாதியோடு நின்றிருந்தன. அக்கா என் பக்கம் திரும்பி, "வாலே, போவோம்" என்றாள். டேப்பைச் சுருட்டக்கூட எனக்கு அவகாசம் தரவில்லை.

இப்போது அக்காவின் மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் மரவேலை செய்யப் போகிறானாம். "மாமா, இதுல கட்டுப்படியாகிற மாதிரி எது வாங்கலாம்?" என்று கேட்டு போனில் படமாக அனுப்பித் தள்ளுகிறான். பச்சை நிறத்தில் ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் கீழே நட்சத்திரம். எல்லாப் படத்திலும் மெஷின் மட்டும்தான் இருக்கிறது. ஓட்டுகிறவர் கை ஒன்றிலும் இல்லை. அவனுக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசிக்கும்போதெல்லாம் அவன் அம்மாதான் நினைவுக்கு வருகிறாள்.

அது தொண்ணூறுகளின் கடைசி. அத்தான் கோவில்பட்டியில் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஆலை கைமாறியபோது கிடைத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மரவேலை தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பது அவர்தான். அக்கா அவரைக் கட்டச் சம்மதித்ததே அந்த வாசிப்பைக் கேட்டுத்தான். அப்பா வேறொரு வாத்தியார் மாப்பிள்ளையைக் கொண்டுவந்தபோது, "அந்த வாத்தியாரு என்னத்த வாசிப்பாரு?" என்று கேட்டு விஷயத்தை முடித்துவிட்டாள். அத்தான் பேச்சில் கஞ்சன். நல்லது கெட்டது எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் ஆர்மோனியத்தில் அவர் விரல் ஓடும்போது அந்த மனுஷனுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று தோன்றும். அக்காவுக்கு வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரம் போதும்.

அந்த வருஷம், சர்ச் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முன்னால் சர்ச்சுக்குப் புது பெஞ்சுகள் செய்துதரும் வேலை அவருக்கு வந்தது. கொட்டகைக்கு வந்த முதல் பெரிய வேலை அதுதான். ஒரு பெஞ்சுக்கு இரண்டு நீளப் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்ட வேண்டும். விளிம்பு நூல் பிடித்த மாதிரி நேராக இல்லாவிட்டால் இடையில் வெளிச்சம் தெரியும், உட்காருகிறவர் துணியைக் கடிக்கும். அத்தான் கை இழைப்புளியால் நாளெல்லாம் தள்ளித் தள்ளி நாலு பெஞ்சு முடிப்பதற்குள் வலது தோள் இறங்கிவிட்டது. சட்டை போட அக்கா உதவ வேண்டியிருந்தது. திருநெல்வேலி டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: இன்னும் தள்ளினால் கையைத் தூக்கவே முடியாமல் போகும். ஆக, மெஷின் வாங்காமல் தீராது.

இழைப்பு மெஷின் என்பது இரண்டு இரும்பு மேசைகளும் அவற்றுக்கு நடுவே கத்தி மாட்டிச் சுற்றும் ஒரு கட்டையும்தான். பலகையை இந்த மேசையில் வைத்துத் தள்ளினால் கத்திக்கு மேலே போய் அந்த மேசையில் நேராக இறங்கும். தள்ளுவது மனுஷன் கை. அதைச் சொன்ன நாளிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. "தோளும் வேணும், வெரலும் வேணும். ரெண்டுக்கும் ஒரு வழியப் பாருங்க" என்றாள்.

வழி பார்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அப்போது நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. எதையும் விசாரித்து ஃபைல் போட்டுவிட்டால் அந்த விஷயத்தில் நான்தான் பண்டிதன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. மதுரையில் கடை கடையாக ஏறி விலைத்தாள் வாங்கிவந்தேன். கத்திக்கு மூடி போட்ட புது மெஷின்களில், மேசை நீளமானவற்றின் விலை கைக்கு எட்டவில்லை. எட்டியவற்றில் மேசை குட்டை. பெஞ்சுப் பலகையை வைத்தால் மறுமுனை தொங்கும், விளிம்பு வளைந்துதான் வரும். "பழசாப் பாப்போம் அத்தான், நீளமாப் பாப்போம்" என்று தீர்ப்புச் சொன்னேன். அந்த விலைத்தாள்களில் இன்னொன்றும் இருந்தது. பழைய மெஷின்களில் கத்தி மாட்டும் கட்டை சதுரமாக இருக்கும். சதுரம் சுற்றும்போது அதற்கும் மேசைக்கும் நடுவே பெரிய சந்து விழும். விரல் தவறினால் முழுசாக உள்ளே போகும். உருண்டைக் கட்டை என்றால் அந்தச் சந்து கிடையாது, பெரும்பாலும் தோல் கிழிவதோடு தப்பிக்கலாம். இதை நான் படித்திருந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

சாத்தூர்க்காரருக்குப் பிறகு இன்னும் இரண்டு இடம் பார்த்தோம். ஒருவருக்குக் கட்டைவிரல் நுனி இல்லை. இன்னொருவர் கையை மடியில் மறைத்துக்கொண்டார். அதிலேயே அக்காவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கடைசியாக விளாத்திகுளம் சாலையில் ஒரு ஊரில், பருத்தி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மெஷின் நின்றது. உடையவர் வெள்ளை வேட்டிக்காரர். அக்கா கேட்டதும் கைகளை நீட்டினார். பத்து விரலும் இருந்தன, நகம்கூட ஒழுங்காக வெட்டியிருந்தது. "எடத்த அடைக்குதும்மா, அதான் குடுக்கேன்" என்றார். அக்கா முகத்தில் பல நாளைக்குப் பிறகு தெளிச்சி வந்தது. "போயிப் பாருங்க" என்று எங்களை அனுப்பிவிட்டு அவர் வீட்டம்மாவோடு பேசப் போய்விட்டாள்.

அத்தான் குனிந்து கத்திக் கட்டையைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். சதுரக் கட்டை. மேல்மூடி எங்கேயோ தொலைந்து, அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நல்ல நீளம்" என்றார்.

"ஆமா அத்தான், நல்ல நீளம்" என்றேன்.

மெஷின் மினி லாரியில் வந்தது. வழியில் மழை பிடித்துக்கொள்ள, கரிசல் சகதி சக்கரத்தில் அப்பி, இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். கொட்டகையில் சும்மா தரையில் வைத்தால் கோடையில் மண் வெடித்து மேசை சாய்ந்துவிடும் என்று, அத்தான் ஆள் வைத்து, கரிசலுக்கு அடியில் இருக்கும் சுக்கான்பாறை தட்டும்வரை தோண்டி, கான்கிரீட் போட்டு அதன் மேல் நிறுத்தினார். மேசை மட்டமாக நிற்கிறதா என்று ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்து, அந்த இரும்பைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. அதனாலேயே உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று பின்னால் சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. அது பொய். பேரத்தை முடித்த பெருமை எனக்கு.

மோட்டாருக்கு லைன் இழுக்க வந்த வயர்மேன் விளாத்திகுளம் பக்கத்து ஊர்க்காரர். மெஷினைப் பார்த்ததும் கண்டுகொண்டார். "இது அண்ணாச்சி வீட்டு மெஷினுல்லா? அவிய தம்பியில்லா ஓட்டுனாரு. பாவம், வலது கையில மூணு வெரல் போயிட்டு. அண்ணங்காரருக்கு இதுல சுவிச்சு எங்கன இருக்குன்னே தெரியாதே" என்றார்.

 அக்கா அவருக்குக் காபி கொடுத்து, வேலை முடியும்வரை காத்திருந்து, அனுப்பிவைத்தாள். பிறகு கொட்டகைக்குள் வந்து அத்தானிடம் கேட்டாள்.

"தெரியுமா ஒங்களுக்கு?"

"தம்பி கதை தெரியாது" என்றார் அத்தான். துணியை எடுத்து மேசையைத் துடைத்துக்கொண்டே, "கட்டை சதுரம்னு தெரியும். மூடி இல்லன்னும் தெரியும். பாத்துத் தள்ளிக்கிடுவேன்."

"ஒனக்குலே?"

"தெரியும்க்கா" என்றேன். விரலுக்கு விரல் எவ்வளவு நஷ்டஈடு என்ற அட்டவணையை ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பவன் நான். அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் சேலை முந்தியை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். சுவரோரம் சாய்ந்திருந்த வேப்பம்பலகை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். என்ன செய்கிறாள் என்று எங்களுக்கு உறைப்பதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டாள். கொட்டகைத் தகரம் முழுக்க அதிர்ந்தது. பலகையின் மேல் இரண்டு கைகளையும் பரப்பி அழுத்தி, நிதானமாகக் கத்தியை நோக்கித் தள்ளத் தொடங்கினாள். வளையல் போட்ட அந்தக் கை கத்திக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது அத்தான் பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தார். அணைத்த பிறகும் கட்டை நிற்காமல் ஊளையிட்டுச் சுற்றியது. அது நிற்கும்வரை அவர் அக்காவின் இரண்டு மணிக்கட்டுகளையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே நின்றார். 

"பாத்துதான தள்ளுனேன்" என்றாள் அக்கா. "ஏன் நிப்பாட்டுனீங்க?"

அத்தான் அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார். கலியாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் அவரே சர்ச் குருவான ஐயரிடம் போய், பண்டிகைக்குள் பெஞ்சு முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். சபையில் நல்ல ஏச்சு. மீதி வேலை சாத்தூரில் வேறு ஆளுக்குப் போயிற்று. அவராலும் நாளுக்குள் முடிக்க முடியவில்லை. உருண்டைக் கட்டைக்குக் கோயம்புத்தூரில் சொல்லி, அது வந்துசேர மூன்று மாதம் ஆனது. அதுவரை கொட்டகையில் மெஷின் கோணி மூடிக் கிடந்தது. கத்திக்கு மேல்மூடியை அத்தானே தகடு வெட்டிச் செய்தார். அதன் பிறகு அந்த மெஷின் பல வருஷம் ஓடியது.

பண்டிகையன்று பெஞ்சு பற்றாமல் பெண்கள் பக்கம் முழுக்க ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அக்கா சம்மணம் போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் ஆர்மோனியம் வாசிக்கத் தொடங்கினார். முட்டுவலிக்காரம்மா ஒருத்தி காலை நீட்டியும் மடக்கியும் பார்த்துவிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி, "ஒங்க வீட்டுக்காரரு பெஞ்சு செஞ்சு தாரேம்னாரே, என்னத்தச் செஞ்சாரு?" என்றாள்.

அக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"அவிய வாசிக்காவல்லா" என்றாள். "அதக் கேளுங்க."