பூட்டிய வீடுகளும் ஃபாரக்காரம்மாவும்

நடந்தவை அனைத்தையும் உண்மையாகவே இங்கே எழுதப் போகிறேன். பள்ளி ஆண்டு மலருக்காக, மறைந்த கஸ்தூரி அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி தமிழாசிரியர் கேட்டார். நல்லதை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். நாங்கள் அவரை நம்பவில்லை. நான் எல்லோரையும்விடக் குறைவாக நம்பினேன். அவர் நிரப்பிய விண்ணப்பத்தால் இன்று கல்லூரியில் இருக்கும் அண்ணன்களும் அக்காக்களும் இதைப் படிப்பீர்கள். நீங்களும் அவர் முதுகுக்குப் பின்னால் என்ன பேசினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

செய்தி பேருந்தில் வந்தது. அன்று ஜமுனாமரத்தூரில் சந்தை. வழக்கம்போல முதல் பேருந்திலிருந்து அவர் இறங்குவார் என்று நான் காத்திருந்தேன். நடத்துநர்தான் இறங்கினார். "ஃபாரக்காரம்மா இனிமே வராதும்மா. முந்தா நாளு நெஞ்சு வலின்னுச்சாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றார். விண்ணப்ப ஃபாரம் நிரப்பித் தருவதால் கஸ்தூரி அம்மாவுக்கு ஊர் வைத்த பெயர் அது. என் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி உடனே கேட்டார்: "அப்ப எம்புள்ள சர்ட்டிபிகேட்டு யாராண்ட இருக்குது?" எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது. சர்ட்டிபிகேட் அந்தப் பெண்மணியின் பையிலேயே இருந்தது. கஸ்தூரி அம்மா யாருடைய அசலையும் ஒரு பேருந்து நேரத்துக்கு மேல் கையில் வைத்திருந்ததில்லை.

அவருக்குச் சந்தவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. வாரத்தில் ஒரு நாள் அதைப் பூட்டிவிட்டு மலையேறி வந்து டீக்கடை பெஞ்சில் உட்காருவார். எந்த அறக்கட்டளை மலைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறது, எந்த அலுவலகத்தில் இளைஞர் மன்றத்துக்கு விளையாட்டுச் சாமான் கிடைக்கும், மாலைப் படிப்பு மையத்துக்கு யாரிடம் எழுதிப்போட வேண்டும் என்பதையெல்லாம் செய்தித்தாளிலிருந்து கத்தரித்து ஒட்டி வைத்திருப்பார். எங்கள் நெல்லிவாசல்நாட்டுப் பையன்கள் இன்று ஆடும் வாலிபால் வலை அப்படி வந்ததுதான். இதற்கெல்லாம் அவர் காசு வாங்கவில்லை. அதுதான் எல்லோரையும் உறுத்தியது. "காசு வாங்குனா புரோக்கரு. வாங்கலன்னா அதுக்கும் மேல" என்பார் டீக்கடைக்காரர், கஸ்தூரி அம்மாவின் காதுபடவே. செம்மரம் வெட்ட ஆள் பிடித்துப் போய்ப் போலீஸில் மாட்டிவிட்டவர்களும் ஒரு காலத்தில் இதே பெஞ்சில் உட்கார்ந்து இனிக்க இனிக்கப் பேசியவர்கள்தாம்.

ஒருநாள் நானே கேட்டேன். "உங்களுக்கு இதுல இன்னா கெடைக்குதும்மா?"

அவர் டீயை ஊதிக்கொண்டே, "வாரத்துல ஒரு நாளு ஜெராக்ஸ் மிஷின் சத்தம் கேக்காம இருக்கேன் இல்ல" என்றார். நான் நம்பவில்லை. "நம்பலன்னா போவட்டும். நேரா கேட்ட பாரு, அது போதும். இவங்கல்லாம் என் முதுகாண்ட கேக்குறாங்க. முதுகு எப்டிம்மா பதில் சொல்லும்?" என்றார். இந்தப் பதிலை நான் நாட்குறிப்பில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அவரும் லேசில் எதையும் நம்புகிறவர் அல்ல. ஆனால் அவர் சந்தேகப்பட்டது மனிதர்களை அல்ல, காகிதங்களை. ஒருமுறை கீழே இருக்கும் ஒரு தனியார் கல்லூரி, மலைப் பிள்ளைகளுக்கு முழுக் கட்டணமும் இலவசம் என்று வண்ணத் தாளில் அச்சடித்து அனுப்பியது. எல்லோரும் சர்ட்டிபிகேட்டோடு ஓடினோம். அவர் அந்தத் தாளின் அடியில் எறும்பு வரிசை மாதிரி இருந்த எழுத்துகளைக் காட்டி எங்களையே படிக்கச் சொன்னார். படிப்பு முடியும்வரை அசல் சான்றிதழ்கள் கல்லூரியிடமே இருக்கும். நடுவில் நின்றால் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். "மேல இருக்கிறது நமக்காக எழுதுனது. கீழ இருக்கிறது அவங்களுக்காக எழுதிக்கினது. கீழ இருந்து மேல படிச்சிக்கினு வா" என்றார். வீடு திரும்பும் ஜீப்பில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "வேற காலேஜி இந்தம்மாவுக்குக் கமிஷன் குடுக்குது போல." நானும் தலையாட்டினேன்.

இனி எழுதப்போவதுதான் நான் எழுத வேண்டியது.

அவரிடம் ஒரு நீல நோட்டு இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். அதில் மாதங்களின் பெயர்களை எழுதி, சிலவற்றை வட்டமிட்டிருந்தார். என் பக்கத்து வீட்டுச் சுமதி அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நர்சிங் படிக்க உதவித்தொகை கேட்டு அவர் மூலம் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அது கிடைக்காவிட்டால் படிப்பு இல்லை. அவருடைய அம்மாவிடம், "எந்தெந்த மாசம் வூட்ல இருக்க மாட்டீங்க?" என்று கஸ்தூரி அம்மா கேட்டதை நான் பார்த்தேன். எங்கள் ஊரில் பலர் உழும் காட்டோர நிலத்துக்குப் பட்டா கிடையாது. ஆள் இல்லாத மாதம் தெரிந்துவிட்டால் அதிகாரிகள் வந்து நிலத்தை வளைத்துவிடுவார்கள் என்று எங்களுக்கு எப்போதும் பயம். நான் நிறையப் படிப்பவள் என்பதால் என் பேச்சை ஊரில் கேட்பார்கள். "அத்தே, மாசத்த மட்டும் சொல்லாதீங்க. நெலத்துக்குத்தான் இந்த நோட்டு" என்றேன். அத்தை, "வருசம் முச்சூடும் இங்கதாம்மா கெடக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கஸ்தூரி அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

சாமை அறுத்து முடித்ததும் எல்லோரும் குடகுக்குக் காப்பிக்கொட்டை பறிக்கப் போனார்கள். தை மாதத்தில் அறக்கட்டளையிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வந்தார். உதவித்தொகை மலையில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு மட்டும்தான். அவர் பார்த்தது வரிசையாகப் பூட்டு. சுமதி அக்காவின் விண்ணப்பம் தள்ளுபடியானது. அந்த மாதங்களில் ஆளை அனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதத்தான் அந்த நோட்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கஸ்தூரி அம்மா நான் தங்கிப் படிக்கும் பள்ளி விடுதிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். மாதத்தை மறைக்க நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணுக்கு ஒரு வருசம் போச்சி. அத உன்னால திருப்பிக் குடுக்க முடியாது. என்னாலயும் முடியாது" என்றார். பிறகு, "நீ சந்தேகப்பட்டதுல தப்பில்ல. என்னாண்ட வந்து கேக்கல பாரு, அதான் தப்பு" என்றார். நோட்டை என் கையில் கொடுத்து முழுவதும் படிக்கச் சொன்னார். அதில் நிலம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவர் மறுபடியும் விண்ணப்பித்தார். ஆடியில் ஆளை அனுப்பும்படி எழுதினார். ஆனியிலேயே அவர் போய்விட்டார்.

போன வாரம் அறக்கட்டளையின் ஆள் வந்தார். நான் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு அத்தையின் வீட்டுக்குப் போனேன். "போன தடவ வூடு பூட்டியிருந்திச்சே, இன்னா காரணம்?" என்று அவர் கேட்டார். கல்யாணத்துக்குப் போனோம் என்று சொல்லத்தான் அத்தை இரண்டு நாளாக நினைத்திருந்தார். அத்தை என்னைப் பார்த்தார். எதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லித்தரும் உரிமையை நான் போன வருடமே இழந்துவிட்டேன்.

"சாமை அறுத்ததும் குடகுக்குப் போவோம்ங்க. புளி உலுக்குறதுக்குத் திரும்பிடுவோம். மத்தபடி எங்க வூடு இதாங்க" என்றார் அத்தை. சுமதி அக்கா வாசலில் தலை குனிந்தபடி நின்றார்.

அந்த ஆள் விறுவிறு என்று எழுதி முடித்து, கைநாட்டுக்காக மைப்பெட்டியை நீட்டினார். நான் தாளைக் கேட்டேன்.

"இன்னாம்மா, நம்பிக்கை இல்லியா?"

"இல்லீங்க சார். படிச்சிட்டுத் தர்றேன்."

கடைசி வரியிலிருந்து படித்தேன். 'குடும்பம் பெரும்பாலும் வெளி மாநிலத்தில் வசிக்கிறது' என்று இருந்தது. இரண்டு மாதம் வேலைக்குப் போய்த் திரும்புவது வசிப்பது ஆகாது என்றேன். அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "கஸ்தூரி மேடம் ஆளா நீ?" என்று முணுமுணுத்து, அந்த வரியை அடித்துவிட்டு, அத்தை சொன்னதையே எழுதினார். அதையும் நான் படித்துக் காட்டிய பிறகுதான் அத்தை கைநாட்டு வைத்தார்.

முடிவு இன்னும் வரவில்லை. சுமதி அக்கா தினமும் விடுதிக்குப் போன் செய்து கேட்கிறார். கஸ்தூரி அம்மா எதற்காக மலையேறி வந்தார் என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஜெராக்ஸ் மிஷின் காரணத்தை நான் இன்றும் நம்பவில்லை. வேறு காரணமும் என்னிடம் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, எழுதுகிறவரின் முன்னாலேயே தாளைக் கையில் வாங்கி, நம்பவில்லை என்று சொல்லிவிட்டுப் படிப்பது. அதற்காக யார் முறைத்தாலும் பொறுத்துக்கொள்வது. வரும் சந்தை நாளில் அந்த டீக்கடை பெஞ்சில் நான் உட்காரப் போகிறேன். என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்த வரியை எழுதும்போது, படிப்பு நேரம் முடிந்தது என்று விடுதி அறையின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.