எண்பதோடு நிறுத்து

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே என் கணவர் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார். பத்து மணிக்கு மேல் தண்ணி மோட்டார், அப்புறம் கிரைண்டர், வெயில் ஏறியதும் வாஷிங் மெஷின், கடைசியில் காருக்குச் சார்ஜ். அதற்குக் கீழே சிவப்பு மையில் ‘எண்பதோடு நிறுத்து’. போடிமெட்டில் மத்தியானத்துக்கு மேல் மஞ்சு வந்து மூடிவிடும், கூரையில் இருக்கிற சோலார் அதோடு சரி. வெயில் இருக்கும்போதே எல்லாச் சோலியையும் முடி என்பார். நியாயந்தான். ஆனால் என் வீட்டில் நான் எப்போது மாவாட்டுவது என்று ஒரு தாளா எனக்குச் சொல்வது? பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

அன்று அவர் உரம் வாங்கக் கம்பம் போய் அங்கேயே தங்கிவிட்டார். மறுநாள் காலை மகளுக்குப் போடியில் பரீட்சை, நான்தான் காரில் கூட்டிப்போக வேண்டும். வெயிலோ சுள்ளென்று அடிக்கிறது. சும்மா வருகிற கரண்டை எதற்கு எண்பதில் நிறுத்துவது? கார்த் திரையில் சார்ஜ் அளவை எண்பது சதவீதத்திலிருந்து நூறாக மாற்றினேன்.

“அப்பா எண்பதுன்னாரும்மா,” என்றாள் மகள்.

“ஒங்கப்பா சொன்னா வேதவாக்கா? போய்ப் படிக்கிற சோலியப் பாரு.”

காலையில் கிளம்பினோம். அந்தக் காரில் இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும். தானாக வேகம் குறையும், குறைகிற வேகம் கரண்டாகி பேட்டரிக்குப் போகும். வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் மலை இறங்கிப் பழகியிருந்தேன்.

முதல் கொண்டை ஊசி வளைவில் காலை எடுத்தேன். வேகம் குறையவில்லை. அய்யோ என்று பிரேக்கை மிதித்தேன். பேட்டரி நிறைந்திருப்பதாகத் திரையில் எழுத்து ஓடியது. வழிய வழிய இருக்கிற குடத்தில் இன்னும் எங்கே ஊற்றுவது? எண்பதுக்கு மேல் ஏன் கூடாது என்று அவர் சொல்ல ஆரம்பித்த அன்று, “ஒங்க பாடம் போதும்” என்று நான்தான் எழுந்து போனேன்.

மிதித்துக்கொண்டே இறங்கினேன். ஐந்தாவது வளைவில் தீய்ந்த வாடை வந்தது. “என்னம்மா நாறுது?” என்றாள் பின்னாலிருந்து. “பேசாம ஒக்காரு” என்று கத்தினேன். பயத்தில் கத்தினேன். அடுத்த வளைவில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு மேலே வந்தது. மிதித்தேன், பிரேக் பொதுக்கென்று உள்ளே போனது. மலைப்பக்கம் ஒடித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். சக்கரம் ரோட்டோர வாய்க்காலில் இறங்கி, பாறையில் உரசி, நின்றது. ஜீப்பில் இருந்த பெண்கள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

ஜீப்பு டிரைவர் ஓடிவந்தார். “என்னக்கா, விடாம மிதிச்சிட்டே வந்தீகளா? பிரேக்கு காஞ்சிருச்சு. நல்லா ஆறட்டும். ஆறுன பெறகு உருட்டிக்கிட்டே எறங்குங்க, வளைவுக்கு வளைவு நிறுத்துங்க. வெரசாப் போகணும்னு நெனச்சிராதீங்க, பிள்ள இருக்கு.”

எல்லாரும் சேர்ந்து காரை வாய்க்காலிலிருந்து தூக்கிவிட்டார்கள். பிரேக் ஆறிய பிறகு மிச்ச வளைவுகளை நடக்கிற வேகத்தில், நின்று நின்று இறங்கினோம். பரீட்சைக்கு மணி ஆகிக்கொண்டிருந்தது, அதைக் கேட்கக்கூட இல்லை அவள். அடிவாரத்தில் முந்தல் வந்து தரை தட்டியதும் போன் அடித்தது. அவர்தான்.

“எறங்கியாச்சா? எத்தனை சார்ஜுல வண்டிய எடுத்த?” என்றார்.

எண்பது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. கண்ணாடியில் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நூறு,” என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன்.

“பாப்பாட்ட போனக் குடு.”

கொடுத்தேன்.

“நான் நல்லாத்தாம்ப்பா இருக்கேன்,” என்றாள். “அம்மாவத் திட்டாதீங்க. அவங்களுக்குத்தான் இன்னும் கை நடுங்குது.”